உலாவி சொல்லும் நேர மண்டலத்தை மாற்றுதல்: ஒரு பாட்டு வகுப்பு அட்டவணையைப் பழுது பார்த்த பதிவு

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை, காணொளி வழியாக வாய்ப்பாட்டு கற்றுக்கொடுக்கிறார். மாணவர்களில் பாதிப்பேர் உள்ளூர்க்காரர்கள். மீதிப்பேர் லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் பிள்ளைகள். வகுப்பு அட்டவணைக்காக அவருக்கு ஒரு சிறிய வலைப்பக்கத்தை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். வகுப்பு நடக்கும் நாளையும் நேரத்தையும் அத்தை இந்திய நேரப்படி பதிவு செய்வார்; பக்கத்தைத் திறப்பவரின் உலாவி எந்த நேர மண்டலத்தைச் சொல்கிறதோ, அதற்கு ஏற்ப நேரம் மாறித் தெரியும். ஓராண்டாக யாரும் குறை சொன்னதில்லை. 2025 செப்டம்பர் நடுவில் ஒருநாள் இரவு அத்தை தொலைபேசியில் அழைத்தார்.

“நியூ ஜெர்சி பொண்ணோட அம்மா கூப்பிட்டிருந்தாப்பா. விஜயதசமிக்குப் புதுப் பாடம் ஆரம்பிக்கலாம்னு சொன்னீங்களே, உங்க பக்கத்துல ஒண்ணாம் தேதின்னு இருக்கே, அது சரஸ்வதி பூஜை ஆச்சேன்னு கேக்கறா. எனக்கு இங்க ரெண்டாம் தேதின்னுதான் தெரியறது. எது சரின்னு நான் அவகிட்ட சொல்றது?”

அந்த ஆண்டு சரஸ்வதி பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை. விஜயதசமி அக்டோபர் 2, வியாழக்கிழமை. வகுப்பு விஜயதசமியன்று இந்திய நேரம் மாலை 7 மணிக்கு. அக்டோபர் தொடக்கத்தில் நியூ ஜெர்சி நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதால், அங்கே அதே வியாழக்கிழமை காலை 9:30. அந்த அம்மையார் அனுப்பிய திரைப்பிடிப்பில் 9:30 என்ற நேரம் சரியாகவே இருந்தது. தேதி மட்டும் ஒரு நாள் முன்னால் போயிருந்தது. புதுப் பாடம் தொடங்க ஒரு குடும்பம் நாள் பார்த்துக் காத்திருக்கும்போது, அந்த நாளையே தவறாகக் காட்டும் அட்டவணையை வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பிழையை என் கணினியில் பார்க்கவே முடியவில்லை என்பது. எத்தனை முறை திறந்தாலும் எனக்கு 2 என்றே காட்டியது. நியூ ஜெர்சியில் இருக்கும் உலாவி என்ன சொல்கிறதோ, அதையே என் உலாவியும் சொல்லும்படி செய்தால்தான் பிழை கண்ணில் படும். அதற்காக ஒரு வார காலம் செய்த வேலைகளின் பதிவு இது.

முதலில், உலாவி தன் நேர மண்டலத்தை வலைத்தளத்துக்கு எப்படிச் சொல்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டேன். பக்கத்தைக் கேட்டு உலாவி சேவையகத்துக்கு அனுப்பும் கோரிக்கையில் நேர மண்டலம் எதுவும் போவதில்லை. விருப்ப மொழியைச் சொல்ல அதில் ஒரு தலைப்பு வரி உண்டு; நேர மண்டலத்துக்கு அப்படி ஒன்று இல்லை. பக்கம் வந்து சேர்ந்தபின் அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் கேட்டால்தான் உலாவி பதில் சொல்கிறது. கேட்கும் வழிகள் முக்கியமாக மூன்று. முதலாவது, தேதிப் பொருளின் ‘கெட் டைம்ஸோன் ஆஃப்செட்’ என்ற செயற்கூறு. இது நிமிடக் கணக்கில் ஓர் எண்ணைத் தரும். இந்தியாவில் இருந்து கேட்டால் வரும் விடை 330 அல்ல, கழித்தல் 330. உலகப் பொது நேரத்திலிருந்து, அதாவது கிரீன்விச் நேரத்திலிருந்து, உள்ளூர் நேரத்தைக் கழித்தால் வருவது அந்த எண் என்பதால், கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு அது எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும். இரண்டாவது, ‘இன்டில்’ என்ற பன்னாட்டு வடிவமைப்புத் தொகுப்பு. இதனிடம் கேட்டால் ‘அமெரிக்கா/நியூ_யார்க்’ என்பது போல மண்டலத்தின் பெயரே கிடைக்கும். மூன்றாவது, தேதியை அப்படியே எழுத்தாக்கினால் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ‘ஜிஎம்டி+0530’ என்ற வால்.

இந்த மண்டலப் பெயர்கள் உலாவி நிறுவனங்கள் தாமாக வைத்தவை அல்ல. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1986-ல் தொடங்கி, இன்று பால் எகெர்ட் பராமரித்துவரும் நேர மண்டலத் தரவுத்தளத்திலிருந்து வருபவை. ஒவ்வோர் ஊரின் கடிகாரமும் எந்த ஆண்டு எப்படி மாறியது என்ற வரலாறே அதில் இருக்கிறது. இந்தியாவின் மண்டலத்தில் இருந்துகொண்டு, 1900-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளை உலாவியின் கன்சோலில் எழுத்தாக்கிப் பார்த்தேன். வாலில் +0530 வரவில்லை, +0521 வந்தது. 1906-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பிருந்த மெட்ராஸ் நேரம், உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முந்தியது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் கடிகாரம் இன்றைய உலாவிக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டதும் சற்று நேரம் வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டலத்தை மாற்றும் முறைகள் பல இருப்பதால், எந்த முறை முழுமையாக வேலை செய்கிறது என்று கண்டறிய ஒரு சாட்சிப் பக்கம் எழுதிக்கொண்டேன். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் அது நான்கு இடங்களில் கேட்டு, விடைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அச்சிடும்: முதன்மைப் பக்கத்தில் இன்றைய தேதிக்கு, அதே பக்கத்தில் ஆறு மாதம் கழித்து வரும் தேதிக்கு, உள்ளே பதிக்கப்பட்ட ஒரு சட்டகத்தில், பின்னணியில் ஓடும் ஒரு வொர்க்கரில். நான்கு இடங்களும் ஒரே ஊரைச் சொன்னால்தான் அந்த முறையை நம்பலாம். இந்த வேலையில் இறங்கும் எவரும் முதலில் இதைச் செய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் பாதி மாறிய உலாவியை வைத்துக்கொண்டு, இல்லாத பிழைகளைத் தேடி அலைய நேரும்.

எல்லோரும் செய்வதைப் போல நானும் முதலில் கணினி முழுவதன் நேர மண்டலத்தையும் மாற்றினேன். லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையின் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. விண்டோஸிலும் ‘டிஇசட்யூட்டில்’ என்ற கட்டளை இருக்கிறது, ஆனால் அங்கே மண்டலங்களுக்கு வேறு பெயர்கள், நியூ ஜெர்சியும் அடங்கும் நியூ யார்க் மண்டலத்தை ‘ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்ட் டைம்’ என்று கொடுக்க வேண்டும். உலாவியை மூடித் திறந்ததும் சாட்சிப் பக்கத்தின் நான்கு இடங்களும் நியூ யார்க் என்றன. அட்டவணையும் அக்டோபர் 1 என்று காட்டியது. பிழை முதன்முறையாக என் கண்ணில் பட்டது. ஆனால் அன்றாட வேலைக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. மேசைக் கடிகாரம், நாட்காட்டி நினைவூட்டல், கோப்புகளின் நேரம் எல்லாம் சேர்ந்து மாறின; திரும்ப மாற்ற மறந்து படுத்துவிட்டேன், காலையில் கணினி முந்தைய நாள் இரவைக் காட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நேர மண்டலத்தை மாற்றுவது வேறு, கடிகாரத்தைத் திருப்பி வைப்பது வேறு. மண்டலத்தை மாற்றும்போது உலகப் பொது நேரப்படி ‘இப்போது’ என்பது மாறுவதில்லை. அந்தக் கணத்தை எந்த ஊர்க் கணக்கில் சொல்கிறோம் என்பதுதான் மாறுகிறது. மண்டலத்தை அப்படியே விட்டுவிட்டு முள்ளை மட்டும் ஒன்பதரை மணி நேரம் பின்னால் தள்ளினால், உலாவி சொல்லும் ஆஃப்செட் (உலகப் பொது நேரத்தோடு உள்ள வேறுபாடு) இந்தியாவுடையதாகவே இருக்கும், சோதனைக்கும் பயனில்லை. அதோடு, 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் உள்நுழைவுக் குறியீட்டை அதே கணினியில் உருவாக்குபவர்களுக்கு அதுவும் தவறாகிப்போகும்.

அடுத்து, உலாவியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நீட்சி ஒன்றைச் சொந்தமாக எழுதிப் பார்த்தேன். ‘கெட் டைம்ஸோன் ஆஃப்செட்’ கேட்கப்பட்டால் நியூ யார்க்குக்கு உரிய 240 என்று பதில் சொல்லும் சிறு நிரல், அவ்வளவுதான். நிறுவிவிட்டுச் சாட்சிப் பக்கத்தைத் திறந்தால் எதுவுமே மாறவில்லை. குரோமில் நீட்சியின் நிரல் வழக்கமாகப் பக்கத்தின் நிரலோடு கலக்காத தனி உலகில் ஓடுகிறது. அங்கே தேதிப் பொருளை மாற்றினால் அந்த உலகத்துக்குள் மட்டுமே மாறும், பக்கம் தன்னிடம் உள்ள பழைய பொருளையே பயன்படுத்தும். நீட்சியின் விவரக் கோப்பில், பக்கத்தின் நிரல் ஓடும் ‘மெயின்’ உலகம் என்று குறிப்பிட்டு, பக்கம் ஏறத் தொடங்கும் கணத்திலேயே ஓட வேண்டும் என்றும் எழுதிய பிறகு முதல் வரி 240 ஆனது. அதற்குக் கீழே இருந்த வரிகள்தான் வருத்தம் தந்தன. எண் நியூ யார்க்கைச் சொன்னது, பெயர் இந்தியாவைச் சொன்னது, எழுத்தாக்கிய தேதியின் வாலில் +0530 தொங்கிக்கொண்டிருந்தது. பெயர் கேட்கும் செயற்கூறையும் எழுத்தாக்கும் செயற்கூறையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனேன். சட்டகத்துக்குள்ளும் ஓடும்படி செய்தேன். வொர்க்கருக்குள் மட்டும் நீட்சியின் நிரல் நுழையவே முடியவில்லை. அது கடைசிவரை இந்தியாவிலேயே இருந்தது.

இவற்றையெல்லாம் கடந்தாலும் ஓர் அடிப்படைக் குறை மிஞ்சும். 240 என்பது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கும் கோடைக்கால நியூ யார்க்கின் எண். குளிர்காலத்தில் அதே ஊருக்கு 300. ஒரே எண்ணைப் பொருத்திவிட்ட உலாவி, ஆறு மாதம் கழித்து வரும் தேதிக்கும் 240 என்றே சொல்லும். அப்படி ஓர் ஊர் உலகத்தில் இருக்கலாம், ஆனால் அது நியூ யார்க் அல்ல. பக்கத்தின் மேற்பரப்பில் விடைகளை ஒட்டுப்போட்டு மாற்றுவதைவிட, அந்த விடைகள் எங்கிருந்து பிறக்கின்றனவோ அந்த இடத்தில் மாற்றுவதே முறை என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தேன். நீட்சியை நீக்கிவிட்டேன்.

குரோமுக்குள்ளேயே இருக்கும் நிரலாளர் கருவித் தொகுப்பான டெவலப்பர் டூல்ஸ் அந்த இடத்தைத் தொடுகிறது. அதைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘மோர் டூல்ஸ்’ சென்று ‘சென்சார்ஸ்’ பலகையை எடுத்தால் இருப்பிடத்துக்கு ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும். பெர்லின், லண்டன், மும்பை, டோக்கியோ போன்ற சில நகரங்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. லண்டனைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மீண்டும் ஏற்றியதும், சாட்சிப் பக்கத்தின் எல்லா வரிகளும் லண்டனாகின. இன்றைய தேதிக்குக் கழித்தல் 60, ஆறு மாதம் கழித்து மார்ச் நடுவில் வரும் தேதிக்கு 0 என்று பருவ மாற்றமும் சரியாக வந்தது. நியூ யார்க் பட்டியலில் இல்லாததால், ‘மேனேஜ்’ பொத்தானை அழுத்திப் பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, மண்டலப் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டேன்.

இந்த முறையில் இரண்டு விஷயங்களைக் கவனத்தில் வைக்க வேண்டும். டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும்வரை, திறந்திருக்கும் அந்த டேபில் மட்டுமே மாற்றம் நிலைக்கும். மூடினால் பழைய மண்டலம் திரும்பிவிடும். அடுத்தது, இருப்பிடத்தோடு மொழி வட்டாரமும் சேர்ந்தே மாறுகிறது. லண்டனைத் தேர்ந்தெடுத்ததும் என் அட்டவணையில் தேதி எழுதப்படும் வடிவமே மாறிவிட, அதையும் ஒரு பிழை என்று நினைத்து அரை மணி நேரம் நிரலைத் துருவினேன். நானே சேர்த்த நியூ யார்க்கில் மொழி வட்டாரத்தைத் தமிழ் என்றே வைத்துக்கொண்ட பிறகு, நேர மண்டலத்தால் வரும் மாற்றம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. டெர்மினலில் உலாவியைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் ‘டிஇசட்’ என்ற சூழல் மாறியில் மண்டலப் பெயரைக் கொடுத்துவிட்டால், அந்த உலாவி மட்டும் அந்த ஊரில் பிறந்ததாக எழுந்து வரும். கணினியின் மற்ற எதுவும் அசையாது. முதல் முறை செய்தபோது சாட்சிப் பக்கம் அசையாமல் இந்தியா என்றே சொன்னது. காரணம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குரோம். புதுக் கட்டளை, தனியாக எழாமல், ஓடுகிற உலாவியிடம் ஒரு புதுச் சாளரத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு விலகிவிடுகிறது. தனிப் பயனர் தரவுக் கோப்புறை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் தனி உலாவியாக எழும். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொண்டேன்.

மண்டலப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதுவதும் முக்கியம். ‘நியூ_யார்க்’ என்பதில் உள்ள அடிக்கோட்டை விட்டுவிட்டு டெர்மினலில் தேதி கேட்டுப் பார்த்தேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மண்டலச் சுருக்கம் வரவேண்டிய இடத்தில் ‘அமெரிக்கா’ என்று அச்சிட்டுவிட்டு, உலகப் பொது நேரத்தைக் காட்டியது. பார்வைக்கு அமெரிக்கா, உள்ளே கிரீன்விச். குறி விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது: அதே தரவுத்தளத்தில் ‘ஜிஎம்டி+5’ என்று முடியும் ஒரு மண்டலப் பெயர் உண்டு, அது கிரீன்விச்சுக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கிய மண்டலம், நம் பக்கத்து பாகிஸ்தானின் நேரம் வேண்டுமென்று அதை எடுத்தால் பத்து மணி நேரம் தள்ளிப்போய்விடும். ஊர்ப் பெயரைக் கொடுப்பதே பாதுகாப்பு.

ஃபயர்ஃபாக்ஸில் கைரேகைத் தடுப்பு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், பயனர் எந்த ஊரில் இருந்தாலும் ஆஃப்செட் 0 என்றே உலாவி சொல்லும். தன்னைத் தனியாக அடையாளம் காண விடக்கூடாது என்று விரும்புபவர்களுக்கான ஏற்பாடு அது. பயனரின் அடையாளத்தை மறைக்கவென்றே உள்ள டோர் உலாவியும் இப்படித்தான் செய்கிறது. என் அட்டவணைக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. அப்படிப்பட்ட உலாவியில் என் பக்கத்தைத் திறந்தால், கும்பகோணத்தில் இருக்கும் மாணவருக்குக்கூட மாலை 7 மணி வகுப்பு பகல் 1:30 என்று தெரியும். எந்த ஊர் நேரம் என்று பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. உலாவி சொல்வது ஒரு தகவல்தான், உறுதிமொழி அல்ல. இருப்பிடத்தை மறைப்பதற்காக மண்டலத்தை மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இணைய முகவரி பழைய ஊரையே சொல்லிக்கொண்டிருக்கும்போது மண்டலம் மட்டும் வேறு ஊரைச் சொன்னால், அந்தப் பொருந்தாமையே ஓர் அடையாளமாகிவிடும்.

கருவிகள் கைக்கு வந்த பிறகு பிழைகள் வரிசையாக வெளிவந்தன. விஜயதசமிப் பிழையின் காரணம் சின்னது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று மட்டும் எழுதிய ஓர் எழுத்துச் சரமாகச் சேமித்திருந்தேன். நேரம் குறிப்பிடாத அத்தகைய சரத்தை ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருளிடம் கொடுத்தால், அது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது; நேரத்தையும் சேர்த்து எழுதினால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அக்டோபர் 2 உலகப் பொது நேர நள்ளிரவு, இந்தியாவில் அதே நாள் காலை 5:30, ஆகவே எனக்கு 2. நியூ ஜெர்சியில் அது முந்தைய நாள் இரவு 8 மணி, ஆகவே அவர்களுக்கு 1. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் இந்தப் பிழையைக் காணாமலே நிரல் எழுதிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது பிழை இன்னும் நடக்காதது, நடக்கக் காத்திருந்தது. சனிக்கிழமைதோறும் இந்திய நேரம் இரவு 8:30-க்கு லண்டன் பிள்ளைகளுக்கு வகுப்பு. கோடை நேரம் இருக்கும்வரை அங்கே அது பிற்பகல் 4 மணி. 2025 அக்டோபர் 26 அதிகாலையில் பிரிட்டனின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் திரும்பியதும் அது 3 மணியாக வேண்டும். லண்டன் மண்டலத்தில் எழுந்த உலாவியில் நவம்பர் 1-ம் தேதி வகுப்பைப் பார்த்தேன்; 4 என்றே இருந்தது. பக்கம் திறக்கும்போது இன்றைய ஆஃப்செட்டை ஒருமுறை கேட்டு வாங்கி, அதையே வருங்கால வகுப்புகள் எல்லாவற்றுக்கும் என் நிரல் பயன்படுத்திவந்தது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பிள்ளைகள் நான்கு மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள், அத்தை ஒரு மணி நேரம் முன்பிருந்தே வெறும் திரைக்கு முன் சுருதிப் பெட்டியோடு காத்திருந்திருப்பார். அமெரிக்காவில் கடிகாரம் திரும்புவது அதற்கு ஒரு வாரம் கழித்து, நவம்பர் 2 அன்று. அந்த ஒரு வாரத்துக்கு லண்டனுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையிலான வேறுபாடு ஐந்திலிருந்து நான்கு மணி நேரமாகக் குறைந்திருக்கும் என்பதால், இரண்டு ஊர்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருந்தது.

அதே லண்டன் உலாவியில் மாத நாட்காட்டிக் கட்டத்தைத் திறந்தபோது கண்ட காட்சியை மறக்க முடியாது. 24, 25, 26, மீண்டும் 26, பிறகு 27. கட்டத்தின் கடைசிப் பெட்டியில் 30. அக்டோபர் மாதத்தில் 31-ம் தேதியே இல்லை. முதல் நாளின் நள்ளிரவிலிருந்து 24 மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய்க் கட்டங்களை நிரப்பியிருந்தேன். அக்டோபர் 26 லண்டனில் 25 மணி நேரம் கொண்ட நாள். அன்றைய நள்ளிரவோடு 24 மணி நேரத்தைக் கூட்டினால் வருவது அதே நாளின் இரவு 11 மணி. நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு 24 என்ற விடை, நம் ஊரில் இருப்பதால் நமக்குக் கிடைத்திருக்கும் வசதி.

நான்காவது பிழையை அத்தை முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார், நான்தான் விளங்கிக்கொள்ளவில்லை. “விடிகாலைல சாதகத்துக்கு எழுந்து பார்த்தா நேத்திக்கு நடந்த வகுப்பே இன்னிக்குன்னு இருக்கு, காபி குடிச்சிட்டு வந்து பார்த்தா சரியாயிடறது” என்பார். இன்றைய தேதியை எடுக்க, உலகப் பொது நேரத்தில் எழுதப்படும் நீண்ட சரத்தின் முதல் பத்து எழுத்துகளை வெட்டியிருந்தேன். இந்தியாவில் காலை 5:30 வரை அந்தச் சரத்தில் முந்தைய நாள்தான் இருக்கும். இதைப் பார்க்க விடிகாலையில் எழ வேண்டியதில்லை. பசிபிக்கில் உள்ள கிரிட்டிமாட்டி தீவு உலகப் பொது நேரத்துக்கு 14 மணி நேரம் முந்தியது. நம் ஊரில் பிற்பகல் 3:30 ஆனதும் அங்கே மறுநாள் பிறந்துவிடும். மாலை 4 மணிக்கு அந்த மண்டலத்தில் உலாவியை எழுப்பினேன். உலாவியின் கடிகாரம் மறுநாள் நள்ளிரவு 12:30 என்றது, என் பக்கம் இன்னும் ‘நேற்றில்’ நின்றுகொண்டிருந்தது. அத்தை சொன்ன விடிகாலை பட்டப்பகலில் என் மேசைமேல் வந்துவிட்டது.

திருத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வகுப்பையும் இப்போது தேதி, நேரம், +05:30 என்ற மூன்றும் சேர்ந்த ஒரே சரமாகச் சேமிக்கிறேன். ஆகவே அது ஒரு குறிப்பிட்ட கணத்தைச் சுட்டும். காட்டும்போது கணக்கு எதையும் நானே போடாமல், மண்டலப் பெயரை ‘இன்டில்’ தொகுப்பிடம் கொடுத்து, அந்தந்தத் தேதிக்கு உரிய நேரத்தை அதையே வடிவமைக்கச் சொல்கிறேன். நாட்காட்டிக் கட்டத்தை, மணி நேரங்களைக் கூட்டாமல், நாள் எண்ணைக் கூட்டி நிரப்புகிறேன். அதுவும் நள்ளிரவில் தொடங்காமல் நண்பகலில். நள்ளிரவிலேயே கடிகாரத்தை முன்னே தள்ளிய ஊர்கள் உண்டு: சாவ் பாலோவில் 2018 நவம்பர் 4 அன்று நள்ளிரவு 12 மணி என்ற ஒன்றே கிடையாது, நேராக 1 மணி. வகுப்பு நேரத்தின் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்று எழுதி, கீழே இந்திய நேரத்தையும் எப்போதும் காட்டுகிறேன். உலாவி சொல்வது பொருந்தாவிட்டால், ஊரைத் தாமே தேர்ந்தெடுக்க ஒரு பெட்டியும் உண்டு.

இந்திய நேரத்தை இரண்டு முறை காட்ட வேண்டாமே என்று, மண்டலப் பெயர் ‘ஏசியா/கொல்கத்தா’ என்றிருந்தால் கீழ் வரியை மறைத்தேன். ஃபயர்ஃபாக்ஸில் மறைந்தது, குரோமில் மறையவில்லை. குரோம் அந்த மண்டலத்தை இன்னும் ‘ஏசியா/கல்கத்தா’ என்ற பழைய பெயராலேயே சொல்கிறது. நகரத்தின் பெயர் 2001-ல் மாறிவிட்டாலும், பழைய பெயரை நம்பியிருக்கும் நிரல்களுக்காக அதுவும் தரவுத்தளத்தில் செல்லும் பெயராகவே வைக்கப்பட்டிருக்கிறது. பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டு வரிகளிலும் வரும் நேரம் ஒன்றாக இருந்தால் மறைக்கும்படி மாற்றினேன்.

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் கையால் சோதிக்க முடியாது என்பதால், பிளேரைட் என்ற சோதனைக் கருவியிடம் ஒப்படைத்தேன். அதில் உலாவிச் சூழல் ஒன்றை உருவாக்கும்போதே மண்டலப் பெயரைக் கொடுத்துவிடலாம். சாட்சிப் பக்கத்தின் நான்கு இடங்களும் அதில் ஒரே ஊரைச் சொல்லின. கடிகாரத்தையும் அதுவே ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிறுத்தி வைக்கும் என்பதால், அத்தையின் விடிகாலை 4:30-ஐயும் இப்போது எந்த நேரத்திலும் வரவழைக்க முடிகிறது. பட்டியலில் கொல்கத்தா, லண்டன், நியூ யார்க் ஆகிய மூன்றும் மாணவர்களுக்காக. கிரிட்டிமாட்டியும் சாவ் பாலோவும் பிழைகளுக்காக. நம்மைவிடக் கால் மணி நேரம் முந்திய காத்மாண்டு, மணிக்கணக்கில் மட்டுமே யோசிக்கும் நிரலைப் பிடிப்பதற்காக.

கடைசியாகச் சேர்த்தது ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவு. கோடை நேரம் மாறும் வாரங்களில், ‘உங்கள் ஊரில் கடிகாரம் மாறுவதால் இந்த வாரம் வகுப்பு 1 மணி நேரம் முன்னதாக வரும்’ என்று ஓர் அறிவிப்பு தோன்றும்படி செய்திருந்தேன். லார்ட் ஹோவ் தீவில் கடிகாரம் மாறுவது அரை மணி நேரம்தான். அங்கே ஓடிய சோதனை சிவப்பாக வந்து நின்றது. அந்தத் தீவில் அத்தைக்கு மாணவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் ‘1 மணி நேரம்’ என்று கையால் எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, முந்தைய வகுப்புக்கும் இந்த வகுப்புக்கும் இடையே உள்ளூர் நேரம் எத்தனை நிமிடம் நகர்கிறது என்று கணக்கிட்டு அறிவிப்பில் இட்டேன். அக்டோபர் கடைசி வாரத்தில் லண்டன் வீடுகளில் அந்த அறிவிப்பு ‘60 நிமிடம்’ என்று தோன்றியது. நவம்பர் 1, சனிக்கிழமை, இந்திய நேரம் இரவு 8:28-க்கு முதல் பிள்ளை வகுப்பில் சேர்ந்துவிட்டதாக அத்தை சொன்னார்.